கல்லாற்றுக்குப் போகுமுன் எதை வாசிப்பது? மட்டக்களப்பு வாவிக்கரை நூல்கள்: ஒரு மதிப்பாய்வு

ஆடி பிறந்துவிட்டால் பெரியகல்லாற்றில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கத் தொடங்கும். சுவிற்சர்லாந்து, இலண்டன், ரொறன்ரோ என்று போனவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளி விடுமுறைக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து இறங்குவார்கள். அவர்களில் சிலர் புறப்படுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பதுண்டு: "பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வருமுன் எதையாவது வாசிக்கக் கொடுக்கலாமா?" நல்ல கேள்வி. ஆனால் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது.

வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று. முதலாவது, சுற்றுலாக் கைநூல். அதில் பாசிக்குடாவும் அறுகம்பையும் விரிவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே மட்டக்களப்புக் கோட்டையும் கல்லடிப் பாலமும் சில பந்திகளில் முடிந்துவிடும். பெரியகல்லாறு பேருந்து கடந்துபோகும் ஊராக மட்டுமே எஞ்சும். இரண்டாவது, போரைப் பற்றிய ஏதாவதொரு நூல். அதை மட்டும் வாசித்துவிட்டு வருகிறவருக்கு ஒவ்வொரு சுவரிலும் துப்பாக்கிச் சன்னத்தின் தழும்பைத் தேடுவதே வேலையாகிவிடும். மூன்றாவது, "ஒன்றும் வாசிக்க வேண்டாம், வந்து பார்த்தால் போதும்" என்பது. இந்த மூன்று பதில்களையும் எடைபோட்டு, வாவிக்கரையைப் பற்றி உண்மையில் எழுதப்பட்டிருக்கும் நூல்களில் எவை பயணிக்கு உதவும், எந்த நூலின் எல்லை எதுவரை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிலத்துக்கு ஒற்றை நூல் போதாது. வாவிக்கு இரண்டு கரை. அதன் ஓரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். ஒரு நூல் விட்டதை இன்னொரு நூல் சொல்லும்படி, குறைந்தது இரண்டையாவது சேர்த்து வாசிக்க வேண்டும்.

இடத்தின் இயல்பு

நூல்களைத் தெரிவதற்கு முன் இடத்தைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியகல்லாறு மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தெற்கே, கல்முனைக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலையில் இருக்கிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணற்பரப்பு. வடக்கே கோட்டைக்கல்லாறும் ஓந்தாச்சிமடமும், தெற்கே பெரியநீலாவணையும் அதையடுத்து மருதமுனையும் உள்ளன. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் இடங்கள் இரண்டு. ஒன்று நகருக்கு அருகே பாலமீன்மடுவில், மற்றையது கல்லாற்றில்.

வாவிக்குக் கிழக்கேயுள்ள கடலோரப் பக்கம் எழுவான்கரை, மேற்கேயுள்ள வயற்பக்கம் படுவான்கரை. பள்ளிக்கூடம், கடைத்தெரு, அலுவலகம் எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில். நெல்லும் மாடும் பழைய பெருங்கோயில்கள் சிலவும் படுவான்கரையில். எழுவான்கரைக் குடும்பங்கள் பலவற்றின் வயல் படுவான்கரையில்தான் இருக்கிறது. விடுமுறைக்கு வருகிறவர்கள் கடற்கரையோடு நின்றுவிட்டால் ஊரின் பாதியைத்தான் பார்த்திருப்பார்கள். ஆகவே, மேற்கே தோணியேறிக் கடக்கத் தூண்டுகிறதா, தெற்கே மருதமுனை வரை போய்ப் பேசத் தூண்டுகிறதா என்பதே ஒரு நூலை மதிப்பிட என் அளவுகோல்.

ஊருக்குள்ளிருந்து எழுந்தவை

மட்டக்களப்பைப் பற்றி ஊர்க்காரர் எழுதிய நூல்களில் முதலில் எடுக்க வேண்டியது பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964). நாட்டுக் கவிகள், கூத்து, கண்ணகி வழிபாடு, கோயில்கள், பேச்சு வழக்கு என்று ஒரு பிரதேசத்தின் வாழ்வை ஒரே நூலுக்குள் கொண்டுவர முயன்றவர் அவர். கற்றவர்கள் பொருட்படுத்தாதிருந்த வயற்காட்டுப் பாடல்களையும் தாலாட்டையும் அவர் இலக்கியமாகவே எடுத்துப் பேசினார். தமது நாட்டைக் குறைத்துப் பேசியவர்களுக்கு அன்போடும் ஆதாரத்தோடும் பதில் சொல்லும் தொனி நூல் முழுவதும் உண்டு.

அந்தத் தொனிக்கு ஒரு காரணமும் உண்டு. "மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று வடக்கில் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். வேலைக்கு வந்த வெளியூர்க்காரர் இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டதற்கு மந்திரம்தான் காரணம் என்பது அதன் கருத்து. கந்தையாவின் நூலை வாசித்தவர் அந்தப் பேச்சை மீண்டும் எடுக்க மாட்டார். ஆனாலும் இது 1964ஆம் ஆண்டு நூல் என்பதை மறக்கக் கூடாது. சூறாவளியும் போரும் கடல்கோளும் அதற்குப் பின் வந்தவை. பெருமை பேசும் இடங்களில் சாதியின் கடுமை மங்கித் தெரிவதும் உண்மை.

அடுத்தது, எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த 'மட்டக்களப்பு மான்மியம்'. ஏட்டுச் சுவடிகளிலிருந்து தொகுத்த இந்நூலில் அரசர் வரலாறு, குடிகளின் வரிசை, கோயில் உரிமை எல்லாம் கலந்திருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட கலிங்க மாகனுக்கு இதில் பெரிய இடம் உண்டு. இதைப் பள்ளிப் பாடநூல் போல வாசித்தால் ஏமாற்றமே மிஞ்சும். எந்தக் கோயிலில் யாருக்கு என்ன உரிமை, எந்தக் குடி எங்கிருந்து வந்தது என்று ஊரார் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கான சான்றாக வாசித்தால் இது பெருஞ்செல்வம். இதன் உடன்பிறப்பாக 'மட்டக்களப்பு பூர்வ சரித்திரம்' என்ற சுவடித் தொகுப்பும் பின்னர் பதிப்பிக்கப்பட்டது. சுவடி மொழியோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு வெல்லவூர்க் கோபாலின் 'மட்டக்களப்பு வரலாறு: ஓர் அறிமுகம்' எளிதான வாசல்.

ஆங்கிலத்தில் வாசிக்கும் இளையவர்களுக்கு எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்டக் கைந்நூல் இன்றும் பயன்படும். நூறாண்டுக்கு முந்திய ஊர்கள், குளங்கள், தொழில்கள் பற்றிய விவரங்களை அதில் காணலாம். இன்று கார் ஓடும் வழியெல்லாம் அன்று எப்படிக் கடக்கப்பட்டது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அது போதும். கல்லடிப் பாலமே 1924இல்தான் வந்தது.

கண்ணகியும் கூத்தும்

வாவிக்கரையில் கண்ணகிக்குக் கோயில் இருப்பது தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். காப்பியத்தில் மட்டும் படித்த கண்ணகி இங்கே ஊர் ஊராகத் தெய்வமாக இருக்கிறாள். வைகாசியில் கதவு திறந்து, நாட்கணக்கில் சடங்கு நடந்து, குளிர்த்தி என்ற நிறைவுச் சடங்கோடு முடியும். அந்த நாட்களில் பாடப்படுவது 'கண்ணகி வழக்குரை'. வி. சீ. கந்தையா இதையும் பதிப்பித்திருக்கிறார். சிலப்பதிகாரக் கதையே ஆனாலும் கடலோட்டும் வணிகமும் இதில் வேறு அளவில் விரிகின்றன. ஈழத்துக் கடலோரத்தார் தங்களுக்கு வேண்டியபடி கதையை வளர்த்தெடுத்தது தெரியும். வைகாசியில் வருகிறவர் வழக்குரையின் சில பகுதிகளையாவது முன்கூட்டி வாசித்திருந்தால், கோயில் வாசலில் கேட்கும் பாட்டு வெறும் ஓசையாகப் போய்விடாது.

இதே தெய்வம் சிங்கள மக்களிடம் பத்தினி. கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட 'த கல்ற் ஒவ் த கோடஸ் பத்தினி' அந்த வழிபாட்டைப் பற்றிய பெரிய ஆய்வு. அதில் கிழக்குக் கரைக் கண்ணகி வழிபாடும் பேசப்படுகிறது. தடித்த நூல், விடுமுறைப் பைக்குள் அடங்காது. ஆனால் கண்ணகி தமிழரின் தனிச்சொத்து என்றோ, பத்தினி சிங்களவரின் தனிச்சொத்து என்றோ எண்ணியிருப்பவர் ஒரு அத்தியாயத்தையாவது புரட்டிப் பார்க்க வேண்டும்.

கூத்துக்கு வந்தால், சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' (1998) முழுமையான வழிகாட்டி. வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளுக்கும் ஆட்டத்திலும் உடுப்பிலும் பாட்டிலும் உள்ள வேறுபாட்டை ஆடித் தெரிந்தவரின் கண்ணோடு எழுதியிருக்கிறார். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நகர மேடைக்கு ஏற்றியபோது, 1964இல் மேடையேறிய 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடியவர் மௌனகுருதான். பழைய வசந்தன் பாடல்களை விரும்புவோருக்குத் தி. சதாசிவ ஐயர் 1940இல் தொகுத்த 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' உண்டு.

பாடும் மீனைத் தேடுவோருக்கு

மட்டக்களப்பு என்றதும் "மீன்பாடும் தேன்நாடு" என்பது எல்லார் வாயிலும் வரும். பயணிகள் கல்லடிப் பாலத்தில் நின்று, படம் பிடித்து, ஒன்றும் கேட்காமல் திரும்புகிறார்கள். இங்கேதான் ஒரு பழைய நூல் கைகொடுக்கும். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனென்ற் 1859இல் வெளியிட்ட 'சிலோன்' என்ற நூலில் இந்த ஒலியைத் தேடிப் போனதை எழுதியிருக்கிறார். நிலவு எழுந்த பின் தோணியில் போய், நீரின் அடியிலிருந்து எழும் மெல்லிய ஒலிகளைக் கேட்டிருக்கிறார். தோணி மரத்தில் காதை வைத்தபோது ஒலி இன்னும் தெளிந்திருக்கிறது. அவரோடு போன தமிழ் மீனவர்கள் அதை மீனின் பாட்டு என்று சொல்லவில்லை. ஊரி எழுப்பும் ஒலி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பாடுவது மீனா, நத்தையினமா என்ற கேள்வி அன்றே இருந்திருக்கிறது.

இதை வாசித்தவர் பகலில் பாலத்தில் நிற்க மாட்டார். பூரணையை ஒட்டிய அமைதியான இரவில், தோணிக்காரரைப் பிடித்து வாவிக்குள் போவார். துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார். கேட்பதும் கேட்காததும் அவரவர் பேறு. ஆனால் எப்படித் தேடுவது என்பதை நூல் கற்பித்துவிடுகிறது.

அதே ஒலியைத் தமிழ் இசையின் கண்கொண்டு பார்த்தவர் சுவாமி விபுலாநந்தர். பெரியகல்லாற்றிலிருந்து தெற்கே சற்று நேரப் பயணத்தில் வரும் காரைதீவில் 1892இல் பிறந்தவர். வாவியின் இசையை 'நீரர மகளிர்' என்று கற்பனை செய்து எழுதினார். அவருடைய 'யாழ்நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே ஆண்டு யூலையில் அவர் மறைந்தார். யாழ்நூல் இசைக் கணக்கு தெரிந்தவர்களுக்கான நூல், விடுமுறைக்கு ஏற்றதல்ல. அவருடைய கட்டுரைத் தொகுப்பு ஏதாவதொன்றை வாசித்துவிட்டு, காரைதீவுக்கும் அவர் அடக்கமாகியிருக்கும் கல்லடிக்கும் போய் வரலாம்.

வெளியிலிருந்து வந்து தங்கியவர்கள்

ஊர்க்காரருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதவை வெளியாருக்குப் படும். அந்த வகையில் வாவிக்கரை கொடுத்துவைத்தது. வந்த ஆய்வாளர்கள் சிலர் வருடக்கணக்கில் தங்கி, மொழி கற்று எழுதினார்கள்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தவர். நாற்பதாண்டு உழைப்பின் பயனாக 2008இல் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'குறூசிபிள் ஒவ் கொன்ஃபிளிக்ற்' இன்று கிழக்குக் கரையைப் பற்றிய அடிப்படை நூல். தாய்வழிக் குடி முறை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒன்றுபோலிருப்பதை அவர் விரிவாகக் காட்டுகிறார். பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்கார் என்ற பொறுப்பாளர்கள் குடி வழியாகவே வருவார்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அடுத்த மகளுக்காகப் புதுவீட்டுக்கு அத்திவாரம் போடுவார்கள். கல்லாற்றில் ஒரே வளவுக்குள் சகோதரிகளின் வீடுகள் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று வியக்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இந்நூல் பதில் சொல்லும்.

மார்க் விற்றேக்கரின் 'ஏமியபிள் இன்கோஹிறன்ஸ்' (1999) மண்டூர்க் கந்தசுவாமி கோயில் ஒன்றை மட்டுமே பேசும் நூல். மண்டூர் கல்லாற்றுக்காரருக்கு அந்நியமில்லை. களுவாஞ்சிக்குடிக்கு அருகே குருமண்வெளித் துறைக்குப் போய், 'பாதை' என்று இங்கே சொல்லும் தெப்பப் படகில் ஏறி, மோட்டார் சைக்கிளும் நெல்மூட்டையும் ஆட்களுமாக வாவியைக் கடந்து மண்டூருக்குப் போவது தலைமுறைப் பழக்கம். அக்கரையில் இருக்கும் கோயிலுக்குச் சின்னக் கதிர்காமம் என்று பெயர். திரை விலகாது. கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். ஆகம முறைக் கோயில்களில் பழகியவர் முதலில் திகைப்பார். 1980களின் தொடக்கத்தில் அங்கு தங்கிய விற்றேக்கர், அந்தக் கோயிலின் வரலாற்றை ஒவ்வொரு ஊராரும் ஒவ்வொரு குடியாரும் வேறுவேறாகச் சொன்னதைக் கேட்டார். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், அந்த வேறுபாடுகளோடு மக்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று எழுதினார். மான்மியத்தை வாசித்தபின் இதை வாசித்தால், சுவடியில் இருந்த வழக்கு இன்றும் கோயில் வீதியில் உயிரோடிருப்பது தெரியும்.

இவற்றின் குறை வெளிப்படை. ஆங்கிலத்தில், பல்கலைக்கழக நடையில், கூடிய விலையில் வந்தவை. ஊரார் கைக்கு எட்டுவதில்லை. தமிழில் நல்ல சுருக்கங்களாவது வந்தால் பெரும் உதவி.

கதையும் கவிதையும்

தகவல் தருவது ஆய்வுநூல். ஆளோடு பழகவைப்பது கதையும் கவிதையும். என் தெரிவில் இந்தப் பகுதிக்கே முதலிடம்.

பெரியகல்லாற்றை அடுத்த பெரியநீலாவணையில் பிறந்தவர் கவிஞர் நீலாவணன் (1931–1975). அவர் மறைந்தபின் 1982இல் நூலான 'வேளாண்மை' இந்தப் பகுதி உழவர் வாழ்வைக் காவியமாகச் சொல்கிறது. வட்டை (வயல்வெளி), போடியார் (நிலக்காரர்), முல்லைக்காரர் (வயல் வேலைப் பொறுப்பாளர்), சூடடிப்பு, களத்தில் மட்டும் பேசும் தனிச்சொற்கள் என்று எல்லாம் அதில் உயிரோடு நடமாடுகின்றன. மாசி, பங்குனியில் அறுவடைக்கு வருகிறவர் இதைக் கையோடு கொண்டுவந்தால் வயல் வரம்பில் நிற்கும் பெரியவரோடு பேச்சுத் தொடங்க ஒரு வழி கிடைக்கும். அவருடைய பிற கவிதைகளுக்கு 'வழி' தொகுப்பும், எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் 1984இல் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' நூலும் உண்டு. நுஃமான் கல்முனைக்குடிக்காரர். பக்கத்து ஊர்த் தமிழ்க் கவிஞரை அடுத்த தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியதில் அவருக்குப் பங்குண்டு என்பதும் இந்நிலத்தின் இயல்பைச் சொல்லும்.

கல்முனைப் பக்கத்தில் சோலைக்கிளியின் 'காகம் கலைத்த கனவு' (1991) ஈழக் கவிதைக்குப் புதிய படிமங்களைத் தந்தது. உமா வரதராஜனின் 'உள்மன யாத்திரை' சிறுகதைகளும், 'அரசனின் வருகை' என்ற கதையும் அச்சத்தின் காலத்தை உரத்துப் பேசாமல் காட்டுபவை. வடக்கே ஓட்டமாவடிப் பக்கம் போகிறவர்களுக்கு எஸ். எல். எம். ஹனிபாவின் 'மக்கத்துச் சால்வை' (1992) முஸ்லிம் ஊர்களின் வாழ்வைப் பரிவோடு திறந்து வைக்கும்.

நாவலில் நான் முன்வைப்பது விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' (2011). அக்கரைப்பற்றுச் சந்தையைச் சுற்றி, தமிழ், முஸ்லிம் பெண்களின் நட்பும் பின்னர் வந்த பிளவும் இதன் பொருள். "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று இரு சமூகத்தாரும் தங்கள் உறவைச் சொல்வது கிழக்கில் வழக்கம். அந்த உறவு எப்படியிருந்தது, எப்படி உடைந்தது என்பதை மேடைப்பேச்சில் தேடாமல் சந்தைக்காரப் பெண்களின் வாயால் கேட்க வைக்கிறது இந்நாவல். பேச்சு முழுக்க மட்டக்களப்புத் தமிழ். "மறுகா", "என்னகா", "மனே" என்று தொடங்கும்போது வெளியூர் வாசகர் தடுமாறலாம். சில பக்கங்களை வாய்விட்டு வாசித்தால் காது பழகிவிடும். ஊரில் இறங்கியதும் அதே பேச்சு எதிர்கொள்ளும்போது பட்ட சிரமம் வீண்போகவில்லை என்று தெரியும்.

காயங்களை வாசிப்பது

போரைப் பற்றி வாசிக்காமல் கிழக்குக்கு வருவது சரியல்ல. அதை மட்டும் வாசித்து வருவதும் சரியல்ல. 1990ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி நகருக்கு வடக்கே சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டன. ஒன்றை நினைவுகூர்ந்து மற்றதை மறைக்கும் நூல் எதுவாயினும் அதைத் தனியே வாசிக்கக் கூடாது.

மார்கிறற் ட்ராவிக்கின் 'எனிமி லைன்ஸ்' (2007) போர்க்காலப் படுவான்கரையில் பிள்ளைகள் எப்படி விளையாடி வளர்ந்தார்கள் என்று பார்த்த நூல். றெபேக்கா வோக்கரின் 'எண்டியூரிங் வயலன்ஸ்' (2013) வன்முறைக்கு நடுவே அன்றாடத்தை நடத்திச் சென்ற மக்களைப் பற்றியது. பற்றீசியா லோறன்சின் கட்டுரைகள், காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதைப் பதிவுசெய்தன. விற்றேக்கரின் இன்னொரு நூலான 'லேர்னிங் பொலிற்றிக்ஸ் ஃபுறொம் சிவராம்' (2007), 2005 ஏப்ரலில் கொலையுண்ட மட்டக்களப்புப் பத்திரிகையாளர் தராக்கி சிவராமின் வாழ்வை நண்பரின் உரிமையோடும் ஆய்வாளரின் கேள்விகளோடும் சொல்கிறது.

2004 டிசெம்பர் 26 கடல்கோளையும் இங்கே சேர்க்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கல்லாறு போன்ற ஊர்களுக்கு அன்று ஓடித் தப்ப இடம் குறைவு. மெக்கில்வ்ரேயும் மிசேல் கம்பேர்டும் 2010இல் தொகுத்த கடல்கோள் மீட்புப் பற்றிய நூல், உதவி வந்தபோது ஊர்களின் குடி முறையும் சீதன வீடும் கவனிக்கப்பட்டனவா என்று கேட்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியை நேரில் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அதை அவர்கள் வாயாலேயே கேட்பது நல்லது.

இந்த நூல்களை வாசித்தவருக்கு ஒரு கடமையும் உண்டு. வாசித்த விவரத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் குடையக் கூடாது. எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காகவும்தான் வாசிக்கிறோம். அவர்களாகச் சொன்னால் கேட்கலாம்.

வாசிக்காமலே போகலாமா?

"முன்கூட்டி வாசித்தால் கண் மங்கிவிடும், நூலில் இருப்பதையே தேடுவோம்" என்பாரும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஒற்றை நூலை வாசித்தவருக்கு அது நிச்சயம் நேரும். ஆனால் வாசிக்காதவரின் கண்ணும் வெற்றுக் கண்ணல்ல. அதில் சினிமாவும் செய்திப்படமும் "பாயோடு ஒட்டும்" கதையும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றை அகற்ற நூலைவிட வேறு நல்ல வழி இல்லை. மருதமுனையையும் காத்தான்குடியையும் கண்ணாடிக்கு வெளியே கடந்துபோகும் பல உறவினர்களுக்கு அங்கே இறங்கத் தோன்றுவதில்லை. 'கசகறணம்' வாசித்தவர் இறங்குவார் என்று நம்புகிறேன்.

யாருக்கு எது?

மாதத்தை வைத்தே தெரியலாம். மாசி, பங்குனி என்றால் 'வேளாண்மை'. வைகாசி என்றால் 'கண்ணகி வழக்குரை'. ஆடி அமாவாசையில் மாமாங்கக் கோயிலுக்கும் ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்கும் வருகிறவர்களுக்கு 'மட்டக்களப்புத் தமிழகம்', ஆங்கிலம் வாசிப்போருக்கு விற்றேக்கர். கார்த்திகை, மார்கழி மாரியில் வீட்டோடு இருக்க நேர்ந்தால் சிறுகதைகள்.

தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு மெக்கில்வ்ரேயின் குடி, சீதனம் பற்றிய அத்தியாயங்களையும் ரெனென்றின் பாடும் மீன் பக்கங்களையும் கொடுக்கலாம். 'வேளாண்மை'யிலிருந்து சில பகுதிகளை அம்மம்மா வாசித்துக் காட்டட்டும். பழைய தமிழ் நூல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. மட்டக்களப்பு நூல்கள் பலவும் அங்கே உண்டு. புதியவற்றை மட்டக்களப்பு, கல்முனைப் புத்தகக் கடைகளிலேயே வாங்குங்கள். உள்ளூர்ப் பதிப்புகள் பல, குறைந்த படிகளே அச்சாகி, ஊர் எல்லையைத் தாண்டாமல் முடிந்துபோகின்றன.

நேரமில்லை, இரண்டு மட்டும் சொல் என்றால் என் தெரிவு இது: வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', விமல் குழந்தைவேலின் 'கசகறணம்'. முன்னது இந்த நிலம் எதைப் பெருமையாக எண்ணியது என்று சொல்லும்; பின்னது எதை இழந்தது என்று சொல்லும். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். திரும்பிப் போகும்போது அவற்றைப் பெட்டியில் கொண்டுபோகாமல் ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஆடியில் வரும் பிள்ளைக்கு உதவும்.